கூடுதல் தாளை எண்ணி மதிப்பெண் போடாதீர்கள்

தங்கள் தொகுதி எம்.பி.யின் ஓராண்டு நாடாளுமன்றப் பணியைக் கணக்கெடுத்துத் துண்டறிக்கை போடும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

தேர்தல் முடிந்து ஓராண்டு ஆனதும் ஊருக்கு ஊர் இப்படிச் சில இளைஞர்கள் கிளம்புகிறீர்கள். நம் எம்.பி. டெல்லிக்குப் போய் என்ன பேசினார், என்ன கேட்டார் என்று தேடி எடுத்து, ஒரு பக்கத் தாளில் அச்சடித்துப் பேருந்து நிலையத்திலும் டீக்கடையிலும் கொடுக்கிறீர்கள். "எம்.பி. நம்ம ஊருக்கு என்ன செஞ்சாரு?" என்று கேட்டால் நிழற்குடையையும் உயர்கோபுர விளக்கையும் மட்டுமே கைகாட்டிப் பழகிய ஊரில், அவர் சபையில் என்ன செய்தார் என்று கேட்க ஆள் இருப்பதே பெரிய விஷயம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அது எங்கே போனது என்று பார்க்கப் பலர் உண்டு. அவருடைய வாய் எங்கே போனது என்று பார்க்க நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் தாள்களில் நான் பார்க்கும் அட்டவணை என்னை உறுத்துகிறது. வருகை இத்தனை சதவீதம், கேள்விகள் இத்தனை, விவாதங்கள் இத்தனை, தனிநபர் மசோதா இத்தனை. பக்கத்தில் மாநில சராசரி, தேசிய சராசரி. சராசரிக்கு மேலே இருந்தால் பச்சை, கீழே இருந்தால் சிவப்பு. பரீட்சையில் மாணவர் எத்தனை கூடுதல் தாள் வாங்கிக் கட்டினார் என்று எண்ணி மதிப்பெண் போட்டால் எப்படியிருக்கும்? அதைத்தான் செய்கிறீர்கள். விடைத்தாளைத் திறந்து படிக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1957ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ரேபரேலி தொகுதியின் எம்.பி. பெரோஸ் காந்தி. பிரதமர் நேருவின் மருமகன், ஆளும் காங்கிரஸ் வரிசையில் உட்கார்ந்திருப்பவர். 1952இல் மக்களவைக்கு வந்தவர், முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. இன்றைய உங்கள் அட்டவணையில் அந்த மூன்று ஆண்டும் அடர்சிவப்பு. 1955 டிசம்பரில் எழுந்து, தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களில் பாலிசிதாரர் பணம் எப்படிச் சூறையாடப்படுகிறது என்று டால்மியா குழுமத்தின் கணக்குகளைப் பிரித்துக் காட்டிப் பேசினார். அடுத்த மாதமே, 1956 ஜனவரியில், ஆயுள் காப்பீட்டை அரசு அவசரச் சட்டத்தின் மூலம் தன் கைக்குள் கொண்டுவந்தது. அந்தப் பேச்சு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அரசுக்கும் அந்த எண்ணம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் எதிர்ப்பதற்கு யாருக்கும் முகமில்லாமல் செய்தது அந்தப் பேச்சு. 245 நிறுவனங்களை இணைத்து 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது.

பிறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 1957 ஜூன் மாதக் கடைசியில், கல்கத்தா வணிகர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் கொடுத்து எல்.ஐ.சி. வாங்கியது. அந்தக் காலத்து ஒன்றேகால் கோடி. முந்த்ராவோ கடனில் மூழ்கிக்கொண்டிருந்தவர். முதலீடு செய்யுமுன் கேட்க வேண்டிய முதலீட்டுக் குழுவை யாரும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் குழுவுக்குத் தெரிந்தது.

இனி நடந்ததை நாள்வாரியாகப் பாருங்கள், ஓராண்டு நாடாளுமன்றப் பணி என்றால் என்ன என்பது அதற்குள் இருக்கிறது. 1957 செப்டம்பர் 4 அன்று கேள்வி நேரத்தில் இதுபற்றிக் கேள்வி வந்தது. ராம் சுபக் சிங் என்ற இன்னொரு காங்கிரஸ் உறுப்பினரின் கேள்வி. நிதித்துறையின் பதில் நழுவலாக இருந்தது. பெரோஸ் காந்தி துணைக் கேள்வி கேட்டார், அதற்கும் பிடிகொடுக்கவில்லை. விட்டுவிடலாம், கேள்வி எண்ணிக்கையில் ஒன்று ஏறியாயிற்று. அவர் விடவில்லை. நவம்பர் 29 அன்று மறுபடி கேள்வி. இம்முறை கொஞ்சம் கூடுதலாகத் தகவல் கசிந்தது. ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்குப் படியாயிற்று. டிசம்பர் 16 அன்று விவாதம். பங்குச் சந்தை நிலைகுலையாமல் இருக்கவே வாங்கினோம் என்பது அரசுத் தரப்பு வாதம். சந்தை விலையையும் எல்.ஐ.சி. கொடுத்த விலையையும் பெரோஸ் காந்தி அருகருகே வைத்தார். வாங்குவதற்கு முந்தைய நாட்களில் அந்தப் பங்குகளின் விலை எப்படி ஏறியது என்று காட்டினார். சந்தையைக் காப்பாற்றுகிறவர் ஏன் ஒரே ஆளின் பங்குகளை, அதுவும் சந்தையைவிடக் கூடுதல் விலைக்கு, வாங்க வேண்டும் என்பதற்கு அரசிடம் விடையில்லை.

பதில் சொல்ல வேண்டியிருந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் சென்னைக்காரர். சாமானியரில்லை. வணிகத்தில் ஊறியவர், அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்தவர், நாவன்மைக்குப் பேர்போனவர். அவருக்கும் பெரோஸ் காந்திக்கும் நடந்ததை வாய்ச்சண்டையாக நினைத்துவிடாதீர்கள். அவைக்குறிப்பைப் படித்தால் அது கணக்குச் சண்டை. 1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை ஒருநபர் ஆணையமாக அரசு நியமித்தது. மக்கள் கூடி நின்று கேட்க, பகிரங்கமாக விசாரணை நடந்தது. பிப்ரவரியில் அறிக்கை வந்தது. அதே பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். ஊழல் விவகாரம் ஒன்று நிதியமைச்சரின் பதவியைப் பறித்தது. முந்த்ரா சிறைக்குப் போனார். நிதிச் செயலர் எச்.எம். படேலின் அரசுப் பணி அதோடு முடிந்தது என்றாலும், 1977இல் அவரே நிதியமைச்சராக வந்து உட்கார்ந்தார். டி.டி.கே.யும் சில ஆண்டுகளில் அமைச்சரவைக்குத் திரும்பினார். டெல்லியில் யாருக்கும் நிரந்தர ஓய்வில்லை.

சாக்ளா அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அமைச்சர்கள் நாடாளுமன்றத்தைத் தொடக்கத்திலேயே நம்பிக்கைக்குள் கொண்டுவந்து, எல்லா விவரங்களையும் அதன் முன் வைத்துவிட வேண்டும். பின்னால் வேறு வழிகளில் விவரம் வெளிவந்தால் சங்கடம் அவர்களுக்குத்தான் என்ற பொருள்படச் சாக்ளா எழுதினார். அதாவது செப்டம்பர் 4 அன்று வந்த அந்த நழுவல் பதிலே விவகாரத்தில் ஓர் உறுப்பாகிவிட்டது. கேள்வி கேட்டவரின் வெற்றி பதில் கிடைத்ததில் இல்லை. பதில் சொல்லாமல் நழுவியதை எழுத்தில் பதியவைத்ததில் இருக்கிறது.

1957க்கு உங்கள் அட்டவணை முறைப்படி பெரோஸ் காந்திக்கு மதிப்பெண் போட்டுப் பாருங்கள். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டவர், இன்னும் பல துறைகளைத் தொடாதவர், ரேபரேலிக்கு இதனால் ஒரு நன்மையும் கொண்டுவராதவர்.

இடையில் ஒரு செய்தி. உங்கள் துண்டறிக்கையில் நாடாளுமன்றப் பேச்சை எடுத்துப் போடுகிறீர்களே, அந்த உரிமைக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. சபைக்குள் உறுப்பினர் பேசுவதற்கு வழக்குக் கிடையாது. ஆனால் அதை அப்படியே வெளியிடும் பத்திரிகைமீது அவதூறு வழக்குப் போட முடிந்த காலம் இருந்தது. பெரோஸ் காந்தி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1956இல் அது சட்டமானது. சபை நடவடிக்கைகளை உள்ளது உள்ளபடி வெளியிடுவோருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. நெருக்கடிநிலையின்போது அந்தச் சட்டத்தை ரத்துசெய்தது அவருடைய மனைவி இந்திராவின் அரசு. 1977இல் ஜனதா ஆட்சி அதை மீட்டது. அதன்பின் அரசியலமைப்பிலேயே 361ஏ என்ற உறுப்பாக அந்தப் பாதுகாப்பு ஏறிவிட்டது.

பெரோஸ் காந்தி ஆளுங்கட்சிக்காரர், அவருக்கு ஆவணங்கள் கிடைத்திருக்கும், எதிர்க்கட்சியில் தனியாளாக இருப்பவர் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். 1963ஐப் பாருங்கள். ராம் மனோகர் லோகியா அந்த ஆண்டு இடைத்தேர்தலில் பரூக்காபாத்திலிருந்து வென்று, முதன்முறையாக மக்களவைக்கு வந்தார். ஆகஸ்டில் நேரு அரசின்மீது ஆச்சாரிய கிருபளானி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். இந்திய மக்களவை கண்ட முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். 62க்கு 347 என்று தோற்றது. தோற்கும் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனால் அந்த விவாதத்தில் லோகியா சொன்ன ஒரு கணக்கு அரசை விடாமல் துரத்தியது. இந்த நாட்டில் 27 கோடிப் பேர் ஒரு நாளைக்கு மூன்று அணாவில் வாழ்கிறார்கள் என்றார். இல்லை, சராசரி வருமானம் பதினைந்து அணா என்றார் நேரு. லோகியா பிடித்துக்கொண்டார். சராசரி என்பது கோடீஸ்வரரையும் சேர்த்துக் கூட்டி வகுத்தது. நான் கேட்பது கீழே உள்ள அறுபது சதவீதம் பேரை. வெளியே பத்திரிகைகளில் கணக்குகள் பறந்தன. செப்டம்பரில் சபையில் தனியாகவே விவாதம் நடந்தது. கடைசியில் அமைச்சர் குல்சாரிலால் நந்தா சொன்ன கணக்கு ஏழரை அணா. மூன்றா, ஏழரையா என்பது இன்றும் வாதத்துக்குரியது. எனக்குக்கூட லோகியாவின் மூன்று அணா கொஞ்சம் குறைத்துச் சொன்னதாகவே படுகிறது. ஆனால் பதினைந்தில் நின்ற அரசைப் பாதிக்கு இறங்கிவரச் செய்தது ஒரு தனியாளின் பேச்சு. ஏழைகளின் வருமானத்தைத் தேசிய சராசரிக்குள் ஒளித்துவைக்க அதன்பின் எந்த அமைச்சருக்கும் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

சராசரி பற்றி லோகியா கேட்டதை உங்கள் மாநில சராசரி, தேசிய சராசரிக்கும் ஒருமுறை பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் அட்டவணைக்கு வருவோம்.

வருகைப்பதிவு பற்றிப் பேச அதிகமில்லை. வந்தவர் வருகையைப் பதிவுசெய்கிறார், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்பது அதில் தெரியாது. அமைச்சர்கள் பதிவுசெய்ய வேண்டியதே இல்லை. அறவே வராதவரைக் கண்டுபிடிக்க மட்டும் அது உதவும்.

விவாதங்களின் எண்ணிக்கையில்தான் நீங்கள் அதிகம் ஏமாறுகிறீர்கள். ஒரு மசோதாமீது யார் பேசுவது என்பதைக் கட்சிதான் முடிவுசெய்து பெயர் கொடுக்கிறது. நேரம் கட்சியின் பலத்தைப் பொறுத்துப் பிரிக்கப்படுகிறது. இரண்டு மூன்று உறுப்பினர் உள்ள கட்சிக்குச் சில நிமிடங்கள். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். பெரிய கட்சியின் பின்வரிசைக்காரருக்கோ ஆண்டு முழுதும் முறை வராமலே போகலாம். அது அவர் குற்றமா, தலைமையின் குற்றமா என்று விசாரிக்காமல் சிவப்பு அடிக்காதீர்கள். இன்னொரு பக்கம், நேரமில்லாதபோது எழுதிவந்த உரையை வாசிக்காமலே மேசையில் வைத்துவிட அனுமதி உண்டு. அதுவும் அவைக்குறிப்பில் உரையாகவே அச்சாகும். யாரும் கேட்காத உரை, யாரும் குறுக்கிடாத உரை, பெரும்பாலும் யார் எழுதினார் என்றும் தெரியாத உரை. உங்கள் எண்ணிக்கையில் அதுவும் ஒன்று.

2023 டிசம்பரையும் நினைவில் வையுங்கள். நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் பற்றி உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று கேட்டு அமளி செய்ததற்காக இரு அவைகளிலும் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். நம் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் பலர் அதில் உண்டு. அவர்கள் கொடுத்திருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கேள்வி எழுதிக் கொடுத்தவரின் கணக்கு குறைந்தது. வாய் மூடி உட்கார்ந்திருந்தவரின் வருகை நூறு சதவீதமாக நின்றது. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே இல்லாமல் ஒரு கூட்டத்தொடர் நடந்தது. அந்த ஆண்டு வாய்மொழிக் கேள்வி ஏன் குறைந்தது என்று எம்.பி.யைக் கேட்டு என்ன பயன்? பதினேழாவது மக்களவை தன் ஐந்தாண்டுகளில் மொத்தமே 274 நாட்கள்தான் கூடியது. கதவு திறந்திருந்த நேரத்தையும் சேர்த்துத்தானே உள்ளே போனவரைக் கணக்கெடுக்க வேண்டும்?

கேள்விகளின் எண்ணிக்கையைப் பற்றி இரண்டு பழைய சம்பவங்களைச் சொன்னால் போதும். 1951இல் எச்.ஜி. முட்கல் என்ற உறுப்பினர், பம்பாயின் தங்கம் வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்றுக்கொண்டு சபையில் அவர்களுக்காக வேலை செய்தார் என்று விசாரணையில் தெரிந்தது. அவரை நீக்கும் தீர்மானத்தை நேருவே கொண்டுவந்தார்; அது நிறைவேறுமுன் முட்கல் விலகினார். 2005 டிசம்பரில், பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதற்காக மக்களவையில் 10 பேரும் மாநிலங்களவையில் ஒருவரும் நீக்கப்பட்டார்கள். பொதுவான அட்டவணையில் அந்தக் கேள்விகளும் ஒவ்வொன்றும் ஒரு மதிப்பெண்தான்.

இதைச் சொல்லிக் கேள்விகளையே நான் குறைத்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். நேர்மாறு. 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபின் எம்.பி.யின் வாக்கு அவருடையதில்லை. கொறடா சொன்ன பக்கம் போயாக வேண்டும். பேசும் நேரமும் கட்சியுடையது. கேள்வி ஒன்றுதான் பெரும்பாலும் அவருடைய சொந்தச் சொத்து. மக்களவையில் ஒரு நாளுக்கு வாய்மொழி பதிலுக்குரிய நட்சத்திரக் கேள்விகள் 20, எழுத்துமூலப் பதிலுக்கு 230. யாருடைய கேள்வி வரும் என்பதைக் குலுக்கல் முடிவுசெய்கிறது. அந்த இருபதிலும் சபையில் எடுத்துக்கொள்ளப்படுவது சில மட்டுமே. துணைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு அபூர்வம் என்பதால், அது கிடைத்த நாளில் உங்கள் எம்.பி. என்ன செய்தார் என்பதைத் தேடிப் படியுங்கள். தயாரித்து வந்த தாளையே மறுபடி வாசித்தாரா, அமைச்சர் அப்போது சொன்னதைக் கேட்டு அதிலிருந்து கேட்டாரா என்பது இரண்டே வரியில் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் ஓராண்டு மதிப்பெண்ணில் பாதியை அதற்கே கொடுப்பேன்.

எழுத்துமூலப் பதில்களைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரிந்திருக்கும். பதில் "(அ) முதல் (ஈ) வரை" என்று மொத்தமாகக் கட்டி வரும். அப்படிக் கட்டி வந்தாலே ஏதோ ஒரு கிளைக்குப் பதில் இல்லை என்று சந்தேகப்படுங்கள். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. திரும்பத் தருவீர்களா என்று பல கட்சி எம்.பி.க்களும் இரு அவைகளிலும் கூட்டத்தொடர் தவறாமல் கேட்டுவருகிறார்கள். வரும் பதிலின் சாரம் ஒன்றே: 100 ரூபாய்ப் பயணத்துக்கு நாங்கள் ஏறத்தாழ 54 ரூபாய்தான் வசூலிக்கிறோம், ஆகவே எல்லோருக்கும் ஏற்கெனவே ஏறத்தாழ 46 சதவீதம் சலுகை. கேட்டது உண்டா, இல்லையா என்று. கிடைத்தது ஒரு சராசரி. லோகியா காலத்துப் பதினைந்து அணா இன்னும் ஓய்வு பெறவில்லை.

இந்த ஒரே பொருளில் பத்து எம்.பி.க்கள் கேட்ட கேள்விகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். சலுகை திரும்ப வருமா என்று மட்டும் கேட்பவருக்கு அந்தச் சாரம்தான் கிடைக்கும். ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, படுக்கை வகுப்புக்கும் மூன்றாம் ஏ.சி. வகுப்புக்குமாவது சலுகையைத் திரும்பத் தருவதைப் பரிசீலிக்கச் சொன்னதே, அந்தப் பரிந்துரையை ஏற்றீர்களா, மறுத்தீர்களா, மறுத்தால் என்ன காரணம் என்று கேட்பவர் அரசு நழுவும் ஒரு கதவை அடைக்கிறார். சலுகை நின்றபின் எத்தனை மூத்த குடிமக்கள் பயணம் செய்தார்கள், அவர்களிடமிருந்து கூடுதலாக எவ்வளவு வந்தது என்று கேட்பவர் இன்னொரு கதவை அடைக்கிறார். மூவரும் உங்கள் அட்டவணையில் சமம்.

தொகுதிப் பிரச்சினை பேசுவதைக் கேலிசெய்யும் கூட்டத்தில் நான் இல்லை. எங்கள் ஊரில் எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும், கடவுப்பாதைக்கு மேம்பாலம் வேண்டும் என்று பூஜ்ய நேரத்திலும் விதி 377இன் கீழும் கேட்பது எம்.பி.யின் வேலைதான். டெல்லி பத்திரிகையாளருக்கு அது சில்லறை. கேட்டில் அரை மணி நேரம் காத்துக் கிடக்கும் ஆம்புலன்ஸுக்கு இல்லை.

தனிநபர் மசோதா என்ற உங்கள் கடைசிப் பத்தி வேடிக்கையானது. சுதந்திரத்துக்குப் பின் சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். அப்படியானால் வெள்ளிக்கிழமை பிற்பகலில் மசோதா மேல் மசோதாவாக அறிமுகம் செய்வதெல்லாம் வீண்தானா? சில வீண்தான், தலைப்பைப் படித்தாலே தெரியும், மறுநாள் செய்திக்காக வந்தது என்று. ஆனால் 2014 டிசம்பரில் திருச்சி சிவா மாநிலங்களவையில் கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை அந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திருநரின் உரிமைகளை ஏற்றுத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதற்குச் சட்ட வடிவம் தர முயன்றது அந்த மசோதா. வழக்கம் என்ன தெரியுமா? உறுப்பினர் பேசுவார், அமைச்சர் பாராட்டுவார், அரசே பார்த்துக்கொள்ளும், திரும்பப் பெறுங்கள் என்பார், உறுப்பினர் நன்றி சொல்லித் திரும்பப் பெறுவார். அமைச்சர் இம்முறையும் அப்படியே கேட்டார். சிவா திரும்பப் பெற மறுத்தார். 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளில் அந்த அவை நிறைவேற்றிய முதல் தனிநபர் மசோதா. மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. மாவட்ட ஆட்சியரிடம் சான்று வாங்க வேண்டும் என்பது உட்படப் பலவற்றைத் திருநர் அமைப்புகள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பில் அளவுகோலாக நின்றவற்றில் ஒன்று சிவாவின் மசோதா. உங்கள் தாளில் இது "தனிநபர் மசோதா: 1".

உங்கள் அட்டவணையில் இடமே இல்லாத ஒரு வேலையும் உண்டு. நிலைக்குழுக்களும் பொதுக் கணக்குக் குழுவும் மூடிய அறையில் கூடுகின்றன. யார் என்ன கேட்டார் என்று வெளியே வருவதில்லை. அறிக்கை குழுவின் பெயரில் வரும். தி.மு.க.வின் இரா. செழியன் எழுபதுகளின் தொடக்கத்தில் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்தவர். அவருடைய சபைப் பேச்சுகளின் கூர்மைக்கு உரம் அந்தக் கணக்கேடுகள் என்பது படிப்பவருக்குத் தெரியும். உங்கள் எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார், எத்தனை கூட்டங்களுக்குப் போனார் என்று அவரிடமே கேட்டு ஒரு வரி போடுங்கள்.

இப்போது என் வேண்டுகோள். அடுத்த தாளில் அட்டவணையைச் சிறிதாக்கி மூலையில் தள்ளுங்கள். அந்த இடத்தில் ஓராண்டில் அவர் தொட்ட பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் கதையைத் தேதிவாரியாக எழுதுங்கள்: எப்போது முதலில் கேட்டார், என்ன பதில் வந்தது, அதன்பின் கேட்டாரா, எந்தப் பதிலில் அரசு முன்பு சொல்லாததைச் சொன்னது. அப்படி ஒரு பொருள்கூடக் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

கூடவே அரசின் உறுதிமொழிகளைத் தேடுங்கள். "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் அதை நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்கவே உறுதிமொழிகள் குழு என்று ஒரு குழு இருக்கிறது. மூன்று மாதம் ஆண்டுகளாக நீள்வது வாடிக்கை. கேட்ட எம்.பி.யே பல நேரம் மறந்துவிடுகிறார். உங்கள் எம்.பி.க்குக் கிடைத்த உறுதிமொழிகளில் நிலுவையில் இருப்பவற்றைப் பட்டியலிட்டு, தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு படியை அவருடைய தொகுதி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் மரியாதையாகக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். குளிர்காலக் கூட்டத்தொடர் வழக்கமாக நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ கூடும். கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே அவர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் அலுவலகத்தில் ஆள் இருக்காது. அதற்கு முன்பே போய்விடுங்கள்.

அன்புடன்,
உங்களில் மூத்த ஒரு வாக்காளர்